ஐயமும் வழிபாடும்: வேறொரு சமயத்தவருக்கான உளவள ஆலோசனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனியொருவர் அல்லர். மேற்பார்வையாளராக நான் கவனித்த ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகளின் கூறுகளை இணைத்து, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி அமைத்த கூட்டு வடிவம் அவர். எண்களும் அந்த வடிவத்துக்குரியவையே. சமயம் தொடர்பான துயரத்துடன் ஒருவர் வரும்போது, அவருடைய சமயத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஆலோசகருக்கு இல்லை. ஆனால் அவரிடம் உள்ள நோயைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது நடைமுறையில் எவ்வாறு அமைகிறது என்பதைக் காட்டவே இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தேன்.

வந்த நிலை

அவருக்கு வயது 34. மணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். இஸ்லாத்தின் சுன்னி பிரிவிலுள்ள நான்கு சட்டப் பள்ளிகளுள் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பத்தில் பிறந்து, சிறு வயது முதல் ஐந்து வேளைத் தொழுகையை விருப்பத்துடன் நிறைவேற்றி வந்தவர். தந்தை இறந்த சில மாதங்களில் தொடங்கிய ஒரு மாற்றம் மூன்று ஆண்டுகளில் அவருடைய நாளையே விழுங்கிவிட்டது.

தொழுகைக்கு முன் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை கால்களையும் கழுவி, தலையை ஈரக் கையால் தடவிக்கொள்ளும் உளூ என்னும் தூய்மைச் சடங்கு சில நிமிடங்களில் முடிவது. அவருக்கு அது முக்கால் மணி நேரம் வரை நீண்டது. ஓர் உறுப்பில் நீர் படாத இடம் இருந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தவுடன் முதலிலிருந்து தொடங்குவார். தொழுகையில் நின்ற பிறகு, ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லித் தொழுகையைத் தொடங்கும் தக்பீரைச் சொன்ன அதே கணத்தில் நிய்யத், அதாவது எந்தத் தொழுகையைத் தொழுகிறேன் என்ற எண்ணம், மனத்தில் சரியாக இருந்ததா என்ற ஐயம் வரும்; மீண்டும் தக்பீர், மீண்டும் ஐயம். தொழுகையின் நடுவே இறைவனை இழிவுபடுத்தும் சொற்களும் காட்சிகளும் தாமாக மனத்தில் தோன்றின. அவற்றை அவர் வாய்விட்டுச் சொல்ல இயலாமல், முதல் சில அமர்வுகளில் ‘அந்த எண்ணங்கள்’ என்று மட்டுமே குறிப்பிட்டார். கணவரின் கை பட்டுவிடுமோ என்று அஞ்சி அவர் இருக்கும் அறைக்கே செல்வதைத் தவிர்த்தார். தூய்மையின்றித் தொட்டுவிடுவோம் என்ற அச்சத்தால் குர்ஆன் ஓதுவதை நிறுத்தி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கணவரிடம் அவர் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நான் சரியாகத் தொழுதேனா?” கணவரும் அன்பினால் ஒவ்வொரு முறையும் “சரியாகத்தான் தொழுதாய்” என்று சொல்லி வந்தார். அந்தப் பதில் தரும் ஆறுதல் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

இதற்கு முன் கிடைத்த இரு வழிகாட்டல்கள்

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இருவரை நாடியிருந்தார். முதலாமவர் ஓர் ஆலோசகர். தொழுகைதான் பதற்றத்தைத் தூண்டுகிறது என்று கணித்து, ஐந்து வேளையைச் சில காலத்துக்கு இரண்டாகக் குறைத்துக்கொள்ளும்படியும், மதத்தைச் சற்று ஒதுக்கி வைக்கும்படியும் கூறினார். அப்பெண் இரண்டு அமர்வுகளுடன் நின்றுவிட்டார். இரண்டாமவர் உறவினரான ஒரு பெரியவர். நம்பிக்கை தளர்ந்ததால்தான் ஷைத்தான் நுழைகிறான் என்று சொல்லி, கூடுதலாகச் சில ஓதல்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நாள்தோறும் செய்யச் சொன்னார். அந்த எண்ணிக்கையும் ஐயத்துக்கு இரையாகி, எண்ணியது சரிதானா என்று மீண்டும் மீண்டும் ஓதும் புதியதொரு கட்டாயச் செயலாக வளர்ந்தது.

இவ்விருவரும் நல்லெண்ணத்துடன்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் வழிபாட்டையே நோயாகப் பார்த்தார். மற்றவர் நோயை வழிபாட்டுக் குறையாகப் பார்த்தார். அப்பெண்ணோ, வழிபாட்டை விரும்புகிற, அதே வேளையில் நோயுற்றிருக்கிற ஒருவர். அவரை முழுமையாகக் கண்டவர் எவருமில்லை.

துறை கடந்து வந்த வழி

இத்தகைய பிழைகளுக்குப் பின்னால் துறையின் வரலாறும் நிற்கிறது. சமயத்தை ஒரு மாயையாகக் கண்ட ஃபிராய்டின் 1927ஆம் ஆண்டு நூல் பல தலைமுறை உளவியலாளர்களின் பார்வையை வடிவமைத்தது. அதற்கு 25 ஆண்டுகள் முன்னரே உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களின் பல்வகைத் தன்மையை அக்கறையுடன் ஆராய்ந்திருந்தபோதிலும், சிகிச்சை அறைக்குள் அந்த அணுகுமுறை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1980இல் உளவியலாளர் ஆலன் பெர்கின், சிகிச்சையாளர்களின் விழுமியங்கள் சமயப் பற்றுள்ளவர்களின் விழுமியங்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று சுட்டிக்காட்டியபோது, ஆல்பர்ட் எல்லிஸ் முதலிய உளவியலாளர்களுடன் நிகழ்ந்த கருத்துமோதல் இன்றும் படிக்கத்தக்கது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம், 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில், ‘சமயம் அல்லது ஆன்மிகம் சார்ந்த சிக்கல்’ என்பதை மனநோய்ப் பட்டியலுக்கு வெளியே, கவனத்துக்குரிய ஒரு நிலையாகச் சேர்த்தது. நம்பிக்கை இழப்பு, மதமாற்றத்தின் உளைச்சல், ஆன்மிகக் கேள்விகள் ஆகியவற்றுடன் வருபவரை நோயாளி என்று முத்திரையிடாமலே அவருக்கு உதவ இயலும் என்ற ஏற்பு அதில் இருந்தது. அமெரிக்க ஆலோசனைச் சங்கம் 2009இல் ஏற்றுக்கொண்ட 14 ஆன்மிகத் திறன்கள், ஆலோசகர் தம்முடைய நம்பிக்கைகளை ஆராய்ந்தறிந்திருக்க வேண்டும் என்பதையும், தம் புரிதலின் எல்லையை உணர்ந்து சமய அறிஞர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகின்றன. இந்நிகழ்வில் இவ்விரண்டும் முதன்மையாயின.

மதிப்பீடு

முதல் அமர்வில் ஆலோசகர் நோய்க்குறிகளுக்குள் விரைந்து செல்லவில்லை. கிறிஸ்டினா புச்சால்ஸ்கியும் அவருடைய சக மருத்துவர்களும் வகுத்த, நான்கு கூறுகள் கொண்ட ஆன்மிக வரலாற்றுக் கேள்விகளை உரையாடலாக மாற்றிக் கேட்டார்: உங்கள் நம்பிக்கை எது, வாழ்வில் அதற்கு எவ்வளவு இடம், அதைப் பகிர்ந்துகொள்ளும் சமூகம் எது, இந்தச் சிகிச்சையில் அதை நான் எவ்வாறு கருத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள். நான்காம் கேள்விக்குத்தான் அப்பெண் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்ன பதில் சிகிச்சையின் இலக்கை வகுத்துத் தந்தது: “முன்பு தொழுகையில் எனக்கு நிம்மதி இருந்தது. அது திரும்ப வேண்டும். தொழுகையை விட்டுவிட்டு வரும் நிம்மதி எனக்கு வேண்டாம்.”

பக்தியையும் நோயையும் பிரித்தறிவதே மதிப்பீட்டின் கடினமான பகுதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நாளொன்றுக்கு ஐந்து முறை கழுவித் தொழுவதே மிகையாகத் தோன்றலாம். ஆகவே ‘எவ்வளவு செய்கிறார்’ என்ற அளவு இங்கே பயன்படாது. ஜெருசலேமில் கடும் ஆசாரமுள்ள யூதர்களிடையே பணியாற்றிய உளமருத்துவர்கள் டேவிட் கிரீன்பர்க், எலியேசர் விட்ஸ்டம் ஆகியோரின் அனுபவம் இங்கே கைகொடுக்கிறது. நோயின் கட்டாயச் செயல், சமயச் சட்டம் கேட்பதற்கு அப்பால் செல்லும். சமய வாழ்வின் ஒரு குறுகிய மூலையில் மட்டும் குவிந்து, அந்தச் சமயமே முதன்மையாகக் கருதும் பிற கடமைகளைக் கைவிடச் செய்யும். கழுவுதல், சரிபார்த்தல், திரும்பச் செய்தல் என்று வேண்டாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் சுழன்று வரும் எண்ணச் சுழற்சி நோயின் சமயத்தொடர்பற்ற வடிவத்தையே ஒத்திருக்கும்.

இம்மூன்றும் இவரிடம் இருந்தன. உளூவில் ஓர் உறுப்பை ஒருமுறை கழுவுவது கடமை, மூன்று முறை கழுவுவது சிறப்பு, அதற்கு மேல் செல்வது விரும்பத்தகாதது என்பதே அவருடைய மார்க்கச் சட்டம். அதை அவரே அறிந்திருந்தார். அவர் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் தொழுகையின் வேளையே சில நாட்கள் கடந்துபோனது. தூய்மையின் ஒரு நுட்பத்துக்காக, தூய்மை எதற்காகவோ அந்தத் தொழுகையையே நோய் அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பதும், உறவினரை நலம் விசாரிக்கச் செல்வதும் நின்றுபோயிருந்தன. இந்நோயின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில், 40க்கு 28 என்று கடுமையான நிலை பதிவாயிற்று. ஓசிடி என்று பரவலாக அறியப்படும் எண்ணச் சுழற்சி நோய், சமய உள்ளடக்கத்துடன், என்பது உளமருத்துவரின் நோயறிதல். தாமாகத் தோன்றிய இழிவான எண்ணங்களை அவர் வெறுத்தார், அவற்றோடு போராடினார். ஆகவே அது நம்பிக்கை இழப்பும் இல்லை, மாயத்தோற்றமும் இல்லை.

ஆலோசகரின் இருக்கை

ஆலோசகர் வேறொரு சமயத்தின் கண்டிப்பான சூழலில் வளர்ந்து, பின்னர் அதிலிருந்து விலகி வந்த பெண். விதிகள் நிறைந்த வழிபாட்டைக் கேட்கும்போதெல்லாம் தமக்குள் ஒரு மூச்சுமுட்டல் எழுவதாக அவர் மேற்பார்வையில் வெளிப்படையாகச் சொன்னார். “இவ்வளவு விதிகள் எதற்கு என்றுதான் முதலில் தோன்றுகிறது” என்றார். இதை அவர் சொன்னது மிகுந்த பயன் தந்தது என்று கருதுகிறேன். சொல்லப்படாத எதிர்ப்பு சிகிச்சைத் திட்டத்துக்குள் நுழைந்து, ‘தொழுகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையாக உருமாறும். அது அந்த ஆலோசகரின் சொந்த விடுதலைக் கதை. வந்தவருக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை.

அவர் இந்தப் பெண்ணை இஸ்லாமிய ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பிவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆலோசகரின் சொந்த விழுமியங்களை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவரை வேறிடத்துக்கு அனுப்புவதை ஏற்பதில்லை. அதற்கு மேலாக, முடிவு வந்தவருடையதாக இருக்க வேண்டும். கேட்டபோது அவர் மறுத்தார். அந்த எண்ணங்களைத் தம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முன் சொல்வதற்குத் தம்மால் இயலாது என்றும், வேற்றவரிடம் சொல்வது எளிது என்றும் காரணம் கூறினார். ஒரே சமயத்தைச் சேர்ந்த ஆலோசகரே ஏற்றவர் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். வெட்கமும் பழியச்சமும் கலந்த துயரங்களில் அது எப்போதும் பொருந்துவதில்லை.

மூன்றாம் அமர்வில் அப்பெண் நேராகக் கேட்டார்: “மேடம், நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?” ஆலோசகரின் பதிலை அப்படியே தருகிறேன். “நான் உங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவள் இல்லை. உங்கள் நம்பிக்கையைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நான் எப்படிப்பட்டவளாக இருந்துவிடுவேனோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள்?” முன்னர் பார்த்த ஆலோசகரைப் போல இவரும் ஒருநாள் தொழுகையை விடச் சொல்வார் என்ற அச்சம் அப்போதுதான் வெளிவந்தது. கேள்வியைத் தட்டிக்கழிக்காமலும், தம் வாழ்க்கைக் கதையைக் கொட்டிவிடாமலும் பதிலளித்த அந்த அளவு எனக்குச் சரியாகப் பட்டது. இதற்கென்று ஒரு பொதுவிதி வகுக்க இயலாது. கேள்விக்குள் இருக்கும் அச்சத்தை அடைவதே நோக்கமாக இருக்க வேண்டும்.

ஆலிமாவுடன் கலந்தாலோசனை

சிகிச்சையின் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். மார்க்க அறிவு பெற்ற பெண் அறிஞரான ஓர் ஆலிமாவை, அப்பெண்ணின் எழுத்துவழி ஒப்புதலுடன், அவரே தேர்ந்தெடுத்தபடி கூட்டு அமர்வு ஒன்றுக்கு அழைத்தோம். ஷாஃபிஈ சட்டம் கற்றவராக அவர் இருக்க வேண்டும் என்பதில் அப்பெண் உறுதியாக இருந்தார். அந்த உறுதி நியாயமானது என்பது விரைவில் தெரிந்தது.

கணவரைத் தவிர்ப்பதை ஆலோசகர் நோயின் குறி என்றே குறித்து வைத்திருந்தார். ஆனால் ஷாஃபிஈ சட்டத்தில், கணவன் மனைவியே ஆனாலும், தோலோடு தோல் பட்டால் உளூ முறிகிறது. நான்கு பள்ளிகளுள் இன்னொன்றான ஹனஃபீயின் சட்டத்தில் அவ்வாறில்லை. ஆகவே தொடுகையால் உளூ முறியும் என்று அப்பெண் நம்பியது நோயன்று, அவருடைய சட்டம். துணியின் மேல் பட்டாலும் முறிந்துவிடுமோ என்று அஞ்சியதும், கணவர் இருக்கும் அறைக்கே செல்லாததும்தான் நோய். ஒரே நடத்தைக்குள் சட்டம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை உளவியல் பயிற்சி மட்டும் பெற்ற எவராலும் வரைந்திருக்க முடியாது. ‘இஸ்லாம் பற்றி’ ஒரு பொது நூலைப் படித்துவிட்டு வந்திருந்தாலும் முடிந்திருக்காது. பன்முகப் பண்பாட்டு ஆலோசனையில் ஒரு சமயத்தைப் பற்றிய பொது அறிவு தொடக்கமாக மட்டுமே பயன்படும். எதிரே இருப்பவரின் சமயம் எந்தப் பிரிவு, எந்தக் குடும்பம், எந்த ஆசிரியர் வழியாக அவரை வந்தடைந்தது என்பதை அவரிடமிருந்துதான் கற்க வேண்டும்.

ஆலிமா பேசிய முறையில் ஒரு தெளிவு இருந்தது. இந்த நிலைக்கு மார்க்க மரபிலேயே வஸ்வாஸ் என்ற பெயர் உண்டு என்றும், அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக அதைக் குறித்து எழுதியிருக்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற சட்டக் கோட்பாட்டின்படி, உளூ செய்தது உறுதி, முறிந்தது ஐயம் என்றால் அவர் தூய்மையாகவே இருக்கிறார். கழுவி முடித்த பிறகோ தொழுது முடித்த பிறகோ எழும் ஐயத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ரக்அத் எனப்படும் தொழுகைச் சுற்றுகளின் எண்ணிக்கையில் ஐயம் வந்தால் குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு தொடர வேண்டுமேயன்றி முதலிலிருந்து தொடங்கக் கூடாது. நிய்யத்தைப் பொறுத்தவரை, அது தக்பீருடன் அணுவளவும் விலகாமல் ஒன்றியிருக்க வேண்டும் என்ற இறுக்கத்தைப் பிற்கால ஷாஃபிஈ அறிஞர்கள் தளர்த்தி, பொதுவழக்கில் உடனிருப்பதாகக் கொள்ளப்படும் அளவே போதும் என்று ஏற்றிருக்கிறார்கள். தாமாகத் தோன்றும் எண்ணங்களைக் குறித்து, நபித்தோழர்களும் வாயால் சொல்ல அஞ்சிய எண்ணங்கள் தங்களுக்கு வருவதாக முறையிட்டார்கள் என்பதையும், அவற்றை அவர்கள் வெறுத்ததே ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், அடையாளமாகக் கொள்ளப்பட்டது என்பதையும் நினைவுபடுத்தினார். அப்பெண் அன்று நெடுநேரம் அழுதார்.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்-ஹைதமீ, வஸ்வாஸுக்குப் பயன் தரும் மருந்து அதை முற்றிலும் புறக்கணிப்பதே என்று எழுதியிருப்பதை ஆலிமா எடுத்துக்காட்டினார். ஐயத்துக்குச் செவிசாய்க்கும் ஒவ்வொரு முறையும் அது வலுப்பெறும் என்பது இதன் உட்கருத்து. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் கட்டாயச் செயல்களைத் தடுத்து நிறுத்தும் சிகிச்சையை வெளியிட்டபோது, நடத்தையியல் வழியாக வந்து சேர்ந்த இடமும் இதுவே. பல்க் பகுதியில் பிறந்து 934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்துடன் உள்ள நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில், ஓயாது திரும்பி வரும் அச்ச எண்ணங்களைத் தனி நிலையாகப் பிரித்து விவரித்திருக்கிறார். ஆலோசகர் வெளியிலிருந்து ஒரு சிகிச்சையைக் கொண்டுவந்து அப்பெண்ணின் மார்க்கத்தின் மேல் ஒட்டவைக்கத் தேவை இருக்கவில்லை. அவருடைய மரபுக்குள்ளேயே அதற்கு இடம் இருந்தது.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. அதை முன்கூட்டியே கண்டுகொண்டதில் ஆலோசகருக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர் எந்த அதிகாரக் குரலையும் ஆறுதல் தேடும் ஊற்றாக மாற்றிக்கொள்வார். கணவரிடம் கேட்ட கேள்வி நாளை ஆலிமாவிடம் தொலைபேசியில் போகும். ஆகவே ஆலிமாவின் விளக்கங்கள் ஒரே தாளில் எழுதப்பட்டன. அவற்றுக்குள் அடங்கும் ஐயங்களை இனிக் கேட்பதில்லை என்றும், முற்றிலும் புதிய சட்டக் கேள்வி எழுந்தால் அதை முதலில் ஆலோசனை அமர்வுக்குக் கொண்டுவருவது என்றும் மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தாளையும் அடிக்கடி எடுத்துப் படிப்பது புதிய சரிபார்ப்பாகிவிடும் என்பதால், அது வீட்டில் இல்லாமல் ஆலோசகரின் கோப்பிலேயே இருந்தது.

சிகிச்சை

எதிர்கொள்ளலும் மறுவினைத் தடுப்பும் என்ற முறையே அடிப்படை. அச்சம் தரும் நிலையைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான கட்டாயச் செயலைச் செய்யாதிருந்து, அச்சம் தானாகத் தணிவதையோ, தணியாவிட்டாலும் அதனுடன் வாழ இயல்வதையோ கற்பது இதன் செயல்முறை. சமய உள்ளடக்கம் உள்ளவர்களிடம் இதைச் செய்யும்போது ஓர் எல்லை இன்றியமையாதது: உண்மையில் பாவமான ஒன்றைச் செய்யுமாறு எவரையும் கேட்கக் கூடாது. பாவமாக இருந்துவிடுமோ என்ற ஐயத்தைத்தான் எதிர்கொள்ளச் செய்ய வேண்டும்.

இதன்படி பயிற்சிகள் அமைந்தன. உளூவில் ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறை மட்டும் கழுவுதல், பின்னர் கடமையான ஒருமுறைக்கே குறைத்தல், முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் தொழுகை விரிப்புக்குச் செல்லுதல் ஆகியவை முதல் கட்டம். தக்பீர் ஒரே முறை. அடுத்த கட்டம் கடினமானது: உளூவுடன் கணவரின் அருகில் அமர்ந்து, பட்டது துணியா தோலா என்று உறுதியாகத் தெரியாத நிலையிலேயே எழுந்து சென்று தொழுவது. உறுதி ஐயத்தால் நீங்காது என்பதை அறிவளவில் ஒப்புக்கொண்டிருந்தவர், அதை உடலால் வாழ்ந்து பார்த்தது இங்கேதான். இழிவான எண்ணங்களுக்கு மட்டும் ஆலோசகர் வேறு வழியை எடுத்தார். அவற்றை எழுதி உரக்கப் படிக்கும் வழக்கமான பயிற்சி இறைநிந்தையைத் தாமே உச்சரிப்பதாகிவிடும் என்பதால் அப்பெண் மறுத்தார். அந்த மறுப்பு சிகிச்சைத் தவிர்ப்பாகக் கருதப்படவில்லை. மாறாக, எண்ணம் தோன்றும்போது பாவமன்னிப்பு ஓதி அதை அழிக்க முயலாமல், அது இருக்கும்போதே தொழுகையைத் தொடர்ந்து முடிப்பது பயிற்சியாயிற்று.

கணவரும் மூன்று அமர்வுகளுக்கு வந்தார். “சரியாகத் தொழுதேனா?” என்ற கேள்விக்கு, “இதற்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் பேசிவைத்திருக்கிறோம்” என்று கனிவுடன் சொல்லப் பழகினார். அன்பு காட்டுவதாக அவர் இதுவரை எண்ணியிருந்ததை நிறுத்துவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

உளமருத்துவர், இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்தைத் தொடங்கினார். நோன்பு மாதம் நெருங்கியபோது மருந்து நின்றுவிடுமோ என்ற கேள்வி வந்தது. நாளொன்றுக்கு ஒருவேளை மருந்து என்பதால், உளமருத்துவரின் ஒப்புதலுடன் அது இரவுக்கு மாற்றப்பட்டது. மருந்து உண்பது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவாகுமோ என்ற தயக்கமும் இருந்தது. அதற்கு விடை அவரிடமிருந்தே வந்தது: ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு இறைவனைச் சார்ந்திரு என்ற நபிமொழியை அவர் நினைவுகூர்ந்தார். சமய உளவியலாளர் கென்னத் பர்கமென்டும் அவருடைய குழுவினரும் 1988இல், துன்பத்தின்போது மனிதர் இறைவனோடு கொள்ளும் உறவை மூன்றாகப் பிரித்தார்கள்: எல்லாவற்றையும் தாமே செய்தல், எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டுவிடுதல், இறைவனோடு இணைந்து செயல்படுதல். அப்பெண் தம் மரபின் சொல்லைக் கொண்டே மூன்றாம் நிலைக்கு நகர்ந்தார். ஆலோசகர் அந்த நபிமொழியை அறிந்திருந்தாலும் தாமாக எடுத்துச் சொல்லாதிருந்தது நல்ல முடிவு. வேற்றுச் சமயத்தவர் வாயிலிருந்து மேற்கோளாக வந்திருந்தால் அது வற்புறுத்தலாக ஒலித்திருக்கும்.

கீழே இருந்தது

கழுவும் நேரம் குறைந்த பிறகே, அந்த நேரம் மறைத்து வைத்திருந்த ஒன்று வெளிப்பட்டது. தந்தையின் இறுதி நாட்களில் அவரைப் பார்க்கச் செல்வதை அப்பெண் ஒருநாள் தள்ளிப்போட்டார். அதற்குள் தந்தை இறந்துவிட்டார். தம் வழிபாடுகள் எவையும் இனி ஏற்கப்படமாட்டா, இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணம் அன்றே உள்ளே குடியேறியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் தூய்மையாகாத உணர்வுக்கு இது ஒரு வேர். இறைவன் தண்டிக்கிறான், கைவிட்டான் என்ற இத்தகைய உணர்வுகளைப் பர்கமென்ட் எதிர்மறைச் சமயச் சமாளிப்பு என்று வகைப்படுத்துகிறார். 55 வயதும் அதற்கு மேலும் உள்ள 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த, 2001இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு, இத்தகைய ஆன்மிகப் போராட்டம் உள்ளவர்களிடம் இறப்புக்கான வாய்ப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. ஆகவே ‘அது அவருடைய நம்பிக்கை, நாம் தலையிடக் கூடாது’ என்று ஆலோசகர் விலகி நிற்பதை மரியாதை என்று என்னால் ஏற்க இயலாது.

அதே வேளையில், ‘உங்கள் இறைவன் மன்னிப்பவன்’ என்று ஆலோசகர் சொல்லிவிடவும் முடியாது. அது அவருடைய இடமன்று. அவர் கேட்டது இது: “நீங்கள் தொழுகையில் இறைவனை எந்தப் பெயர்களால் அழைக்கிறீர்கள்? தந்தையின் மறைவுக்குப் பிறகு அவற்றுள் எந்தப் பெயர் உங்களுக்கு எட்டாமல் போயிற்று?” ஒவ்வொரு ரக்அத்திலும் தாம் ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வரும், இறைவனின் அருளையும் கருணையையும் குறிக்கும் அர்ரஹ்மான், அர்ரஹீம் என்னும் பெயர்களை அப்பெண் நெடுநேரம் நினைத்துப் பார்த்தார். அந்தச் சொற்களை விரைவாகக் கடந்துபோவதையும், தீர்ப்பு நாளைக் குறிக்கும் வசனத்தில் மட்டும் தேங்கி நிற்பதையும் அவரே கண்டு சொன்னார். அடுத்து வந்த வாரங்களில் துக்கத்துக்கு அதற்குரிய இடம் கிடைத்தது. தந்தைக்காக துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வதையும், அவர் பெயரால் தர்மம் கொடுப்பதையும் அப்பெண் தாமாகத் தொடங்கினார். மறைந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்யக்கூடியவையாக அவருடைய மரபு ஏற்பவை இவை. இதுவும் கட்டாயச் செயலாக மாறுகிறதா என்று ஆலோசகர் கவனித்து வந்தார். எண்ணிக்கையும் திரும்பச் செய்தலும் அதில் இல்லை. செய்து முடித்தபின் மனம் இலேசாக இருந்தது என்றே அவர் சொன்னார்.

விளைவும் தொடர் கவனிப்பும்

ஆறு மாத முடிவில் யேல்-பிரவுன் மதிப்பு 28இலிருந்து 13க்கு இறங்கியது. உளூ பெரும்பாலான நாட்களில் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்தது. குர்ஆன் ஓதுவதும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் மீண்டும் தொடங்கின. எண்ணங்கள் முற்றிலும் மறையவில்லை. களைப்பும் உறக்கக் குறைவும் உள்ள நாட்களில் அவை கூடின. நோன்பு மாதத்தின் பிற்பகுதியில் இரண்டு வாரங்கள் பின்னடைவு ஏற்பட்டது. இரவு வழிபாடுகள் நீண்டதும், அதனால் உறக்கம் குலைந்ததும் காரணங்களாகக் கருதப்பட்டன. கடமையல்லாத கூடுதல் தொழுகைகளைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவரே ஆலிமாவுடன் பேசி முடிவுசெய்தார். அது புதிய கேள்வியாக இருந்ததால் உடன்பாட்டுக்கு உட்பட்டதே.

இறுதி அமர்வுகள், மக்காவுக்கு ஹஜ் அல்லாத நேரத்திலும் மேற்கொள்ளக்கூடிய புனிதப் பயணமான உம்ராவுக்கான ஆயத்தத்தில் கழிந்தன. கஅபாவை ஏழு முறை சுற்றிவரும் தவாஃபுக்கு ஷாஃபிஈ சட்டப்படி உளூவும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். நெரிசலில் பிறர் கை படுவதும் தவிர்க்க அரிது. அவருடைய நோய்க்கு இதைவிடப் பொருத்தமான தூண்டுதலைக் கற்பனை செய்வது கடினம். பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாமா என்று ஆலோசகர் என்னிடம் கேட்டார். செல்ல வேண்டும் என்று விரும்பியவர் அப்பெண். தடுக்கும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே எழக்கூடிய ஒவ்வோர் ஐயத்துக்கும் ஏற்கெனவே உள்ள விடையையே திட்டமாக எழுதினோம். எண்ணிக்கையில் ஐயம் வந்தால் குறைந்ததைக் கொண்டு தொடர்வது, முதலிலிருந்து தொடங்குவதில்லை, கணவரிடம் கேட்பதில்லை என்பவை அதில் அடங்கும். நெரிசலில் தோல் உண்மையிலேயே பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற சட்டக் கேள்விக்கு ஆலிமாவிடம் முன்கூட்டியே ஒருமுறை விளக்கம் பெறப்பட்டது.

திரும்பி வந்த பின் நடந்த அமர்வில், ஐந்தா ஆறா என்ற ஐயம் ஒருமுறை எழுந்ததையும், ஐந்து எனக் கொண்டு தொடர்ந்து முடித்ததையும் அவர் தெரிவித்தார். கணவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டார். அவர் பேசிவைத்த பதிலையே சொன்னார். அப்போது எடுக்கப்பட்ட யேல்-பிரவுன் மதிப்பு 12. அமர்வுகள் மூன்று மாதங்களுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டன. மருந்தைக் குறைப்பது பற்றிய முடிவு உளமருத்துவரிடம் உள்ளது.